அளவான மருந்து

"செத்தது ஆயிரத்துக்கு மேல. சாட்சி சொல்ல ஒருத்தனும் உயிரோட இல்ல. சேச்சி, நம்ம ஆபீசுக்க முதல் கூட்டக் கொலையாக்கும் இது" என்றான் ரதீஷ்.

காரை ஓட்டிக்கொண்டிருந்த பிரேமகுமாரி சிரிக்கவில்லை. "செத்தது மீனு. கை ஒடிஞ்சது மனுசனுக்கு. அத மறந்திராத."

போலீசில் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள் பிரேமகுமாரி. பாறசாலை சந்திப்பில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் போட்டிருந்தாள். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு வேறு எங்காவது பேச்சு உண்டா என்று விசாரித்துச் சொல்வதில்தான் அலுவலகத்தின் விளக்கு எரிந்தது. ரதீஷ் அவளுடைய உதவியாளன். பி.ஏ. ஆங்கிலத்தைப் பாதியில் விட்டவன். சாயங்காலமானால் ஜிம்முக்குப் போவான். பேச்சில் மட்டும் எதையும் பாதியில் விட்டதில்லை.

அன்று காலை அஞ்சு என்ற பெண் வந்திருந்தாள். நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் சொன்ன விவரங்களை ரதீஷ் தன் பச்சை மைப் பேனாவால் குறித்துக்கொண்டான். அவளுடைய அப்பா சோமன், அமரவிளையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். பக்கத்துக் குளம் ரெத்தினதாஸ் என்பவருடையது. கட்லாவும் ரோகுவுமாக மீன் வளர்க்கிறார். குளத்து நாற்றத்தைப் பற்றி இருவருக்கும் சண்டை வந்தபோது, "உனக்க மீனு ஒரு நாளு மொத்தமா மிதக்கும், பாரு" என்று சோமன் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். சொன்ன வாரமே மொத்தமாக மிதந்தது. சோமனுடைய வாழைத் தோட்டத்தில் ஒரு மருந்துக் குப்பி கிடைத்தது. ரெத்தினதாஸ் துடுப்பை எடுத்து ஒரே அடி. சோமனின் வலது கை இரண்டு இடத்தில் ஒடிந்தது.

"வலது கையில்லாம எப்படி வெட்டுவாரு? அதுவும் போகட்டு. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. குளத்துல விஷம் கலக்கினாருன்னு கேஸாம்" என்று அஞ்சு அழுதாள். ரதீஷ் ஏதோ சொல்லி அவளைச் சிரிக்கவைத்து அனுப்பினான். அழுதவர்களைச் சிரிக்கவைப்பதில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு.

"ஒரே ஒரு துப்புதான் இருக்கு. அந்தக் குப்பி" என்றாள் பிரேமகுமாரி.

"குப்பிய வச்சு ஆளப் பிடிக்கணும்னா, பாறசாலையில பாதி ஆம்பளைகள உள்ள தள்ளணும் சேச்சி."

கார் அமரவிளைக்குள் திரும்பியது.

குப்பி பொன்னப்பனிடம் இருந்தது. பொன்னப்பன் உரமும் மீன் தீவனமும் விற்கிறவர். இரண்டு தரப்பும் நம்புகிற ஆள் என்பதால், ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும்வரை அவர் கடையில் வைக்கலாம் என்று முடிவாகியிருந்தது. பிளாஸ்டிக் கவரோடு எடுத்து மேசையில் வைத்தார்.

"மீனு உடம்புல ஒட்டுற பேனுக்குப் போடுற மருந்து. நான் இத விக்கியதில்ல. நெய்யாற்றின்கரையில கெடைக்கும். பேனக் கொல்லும், கூடிப்போனா மீனையும் கொல்லும்."

பிரேமகுமாரி மூடியைத் திறந்து முகர்ந்தாள். மருந்து நெடியே இல்லை. தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"பொன்னப்பண்ணே, நீங்க இத கழுவினீங்களா?"

"இல்ல. கெடைச்சபடிதான் இருக்கு."

"மூடி?"

"திருகித்தான் இருந்துது."

பிரேமகுமாரி ரதீஷைப் பார்த்தாள். "ராத்திரி ஒளிஞ்சு வந்து விஷம் கொட்டுறவன் குப்பிய ரெண்டு தடவ வெள்ளம் விட்டு அலசி, மூடியத் திருகி, பிறகா எறிவான்?"

"நல்ல குடும்பத்துக் கொலைகாரனா இருக்கும்" என்றான் ரதீஷ். "எனக்க அம்மைகூட இப்படித்தான். குப்பையில போடுற பால் கவரையும் கழுவித்தான் போடுவா."

"அதத்தான் நானும் சொல்லுதேன். இது அடுக்களையில பழகின கை."

அவள் குப்பியைத் திருப்பி, ஒட்டியிருந்த லேபிளை வெளிச்சத்தில் பிடித்தாள். முழுக்க ஆங்கிலம். கீழே இருந்து மூன்றாவது வரியில் ஒரு வார்த்தையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. குளத்தில் தண்ணீர் குறைந்திருந்தால் 'புரொப்போர்ஷனேட் டோஸ்' விடவும் என்பது அந்த வரி.

"இங்க பாரு. யாரோ இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாம நின்னிருக்காங்க. மீனக் கொல்ல வந்தவனுக்கு அர்த்தம் எதுக்கு? மொத்தத்தையும் கவுத்திட்டுப் போயிருப்பான். காப்பாத்த வந்தவனுக்குத்தான் அர்த்தம் வேணும்." குப்பியை நீட்டினாள். "நீ இங்கிலீஷ் படிச்சவனில்லியா. சொல்லு."

ரதீஷ் தொண்டையைச் செருமிக்கொண்டான். "புரொப்போர்ஷனேட்டுன்னா, ஜிம்முல எனக்க மாஸ்டர் சொல்லுவாரு, புரொப்போர்ஷனேட் பாடின்னு. கூடாம கொறையாம, அளவான..."

அதற்கு மேல் வரவில்லை. இதே வாக்கியத்தை, இதே ஏற்ற இறக்கத்தோடு, இதற்கு முன்னால் ஒரு முறை சொல்லியிருக்கிறான். குப்பியில் இருந்த வட்டம் பச்சை மையில் இருந்தது.

சில நாட்களுக்கு முன்னால், நெய்யாற்றின்கரை ஸ்டாண்டிலிருந்து புறப்பட்ட பஸ். ஜன்னலோரம் அவன். பக்கத்தில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி, வெள்ளையில் சின்னப் பூப்போட்ட சேலை. பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்தும் தூரத்தில் வைத்தும் பார்த்துவிட்டு, "மக்கா, இங்கிலீஷ் தெரியுமா?" என்று கேட்டாள். "இங்கிலீஷே எங்கிட்ட வந்துதான் சந்தேகம் கேக்கும் அம்மா" என்றான் அவன். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடித்திருந்தது. பேனாவை எடுத்து வார்த்தையை வட்டமிட்டு, வகுப்பு எடுத்தான். அளவான உடம்பு மாதிரி அளவான டோஸ். குப்பியில என்ன அளவு போட்டிருக்கோ அத அப்படியே விட்டாப் போதும். கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம். "நல்லா இரு மக்கா" என்று சொல்லி அவள் அமரவிளையில் இறங்கிப் போனாள். குப்பி எதற்கு என்றுகூட அவன் கேட்கவில்லை. அன்று முழுவதும் ஒரு நல்ல காரியம் செய்த மிதப்பில் திரிந்தான்.

"அளவான, பிறகு?" என்றாள் பிரேமகுமாரி.

"சரியாத் தெரியல சேச்சி."

அவள் கைப்பேசியில் தட்டிப் பார்த்தாள். வாய்க்குள் படித்துவிட்டு, சாவதானமாகச் சொன்னாள். "அளவானன்னு இல்ல. அளவுக்கு ஏத்த. ஒண்ணு கொறஞ்சா மற்றதும் அதே கணக்குல கொறையணும். பொன்னப்பண்ணே, குளத்துல இப்ப வெள்ளம் எம்புட்டு இருக்கும்?"

"இந்த வெயிலுக்கா? மழைக்காலத்துல இருந்ததுல மூணுல ஒரு பங்கு இருந்தா அதிகம்."

"அப்ப மருந்தும் மூணுல ஒரு பங்கு விட்டிருக்கணும். விட்ட ஆளு நெறஞ்ச குளத்துக்கு விடுற மாதிரி முழுக் குப்பியும் விட்டிருக்கு. அளவான, அளவுக்கு ஏத்த. ரெண்டு சொல்லுக்கும் நடுவுல செத்தது அம்புட்டு மீனு."

பொன்னப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். ரதீஷ் தெருவில் போகிற லாரியைப் பார்ப்பதுபோலத் திரும்பி நின்றான். சட்டைப்பையிலிருந்த பேனா நெஞ்சில் குத்துவதுபோல இருந்தது. அதை எடுத்து வேறு பையில் போட்டுக்கொண்டான்.

குளத்தங்கரையில் இன்னும் நாற்றம் போகவில்லை. செத்த மீன்களைக் குழி வெட்டிப் புதைத்திருந்தார்கள். மேட்டில் புதுமண் சிவப்பாகக் கிடந்தது. ரெத்தினதாஸ் பனியனும் கைலியுமாக வந்தார். பெரிய உருவம். கண்கள் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தன.

"சோமனுக்க ஆளுகளா நீங்க? கேளுங்க. எனக்கு ஒளிக்க ஒண்ணும் இல்ல. இந்தத் துடுப்பாலதான் அடிச்சேன். கர்த்தருக்கு முன்னால நின்னு கேட்டாலும் அடிச்சேன்னுதான் சொல்லுவேன்."

"மீனுக்கு நீங்க மருந்து ஏதும் போடுவீங்களா?" என்றாள் பிரேமகுமாரி.

"மருந்தா? எனக்க குளத்துல மருந்து விழாது. பேனு புடிச்சிருக்கு, மருந்து விடணும்னு இவதான் பொலம்பிக்கிட்டு கெடந்தா. அது தானாப் போவும்னு சொல்லிட்டேன்."

'இவள்' தண்ணீர்ச் செம்போடு படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். ரெத்தினதாஸின் மனைவி சுகிர்தபாய். வெள்ளையில் சின்னப் பூப்போட்ட சேலை. ரதீஷ் எங்காவது தூணுக்குப் பின்னால் போகமுடியுமா என்று பார்த்தான். தூண் இல்லை. அவள் அவனைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், பிறகு சட்டைப்பையைப் பார்த்தாள். செம்பைப் பிரேமகுமாரியிடம் கொடுத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். கை ஏற்கெனவே உலர்ந்துதான் இருந்தது.

"அந்தக் குப்பிய நீங்க முன்னால எப்பமாவது பாத்ததுண்டா அக்கா?" பிரேமகுமாரி சாதாரணமாகக் கேட்டாள்.

"இல்ல" என்றாள் சுகிர்தபாய். கேட்டது பிரேமகுமாரி. அவள் பதில் சொன்னது ரதீஷைப் பார்த்து.

அவன் வாயைத் திறந்தால் போதும். ஆனால் திறந்தால் இந்த மலைபோன்ற மனிதரின் கோபம் எந்தப் பக்கம் திரும்பும்? அந்த அம்மாவைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். அதில் பாதி பொய் என்பது சொல்லும்போதே தெரிந்தது. அந்தப் பாதி அவனைப் பற்றியது.

"சரி, வாறோம்" என்று பிரேமகுமாரி கிளம்பினாள்.

கார் ஒரு வளைவு தாண்டியதும் ஓரமாக நின்றது. பிரேமகுமாரி எஞ்சினை அணைத்தாள்.

"கண்டுபிடிச்சாச்சு" என்றாள்.

"அந்த அம்மாவா?" ரதீஷின் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

"மருந்து விட்டது அவங்க. அது கஷ்டமில்ல. புருஷன் வேண்டாம்னு சொன்ன மருந்த ஒளிச்சு வாங்கி, ஒளிச்சு விட்டு, கழுவி எறிஞ்சிருக்காங்க. நான் தேடினது அர்த்தம் சொன்ன ஆள." அவள் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள். "பாறசாலையில இருந்து பொன்னப்பனுக்க கடை வரைக்கும் உனக்க வாய் ஓயல. ஒரு வார்த்தைக்குப் பாதி அர்த்தம் சொல்லி நிறுத்தினே, அதுக்குப் பிறகு ஒரு தமாசும் இல்ல. செத்த மீனப் புதைச்ச எடத்துல நின்னும் ஒண்ணும் சொல்லல. நீ சும்மா விடுற ஆளா? காலையில சட்டைப்பையில இருந்த பச்சைப் பேனா இப்ப பேண்ட்டுப் பையில இருக்கு. நான் குப்பியப் பத்திக் கேட்டா, அந்த அம்மா உன்னைப் பாத்து இல்லங்குறாங்க. எலே, நான் தேடி வந்த ஆள நானே முன் சீட்டுல உக்காரவச்சு ஏ.சி. போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

ரதீஷ் மறுக்கவில்லை. பஸ்ஸில் நடந்ததைச் சொன்னான். சொல்லும்போது தன்னுடைய அந்த ஜோக்கை மட்டும் விட்டுவிடப் பார்த்தான். பிறகு அதையும் சொன்னான்.

"தெரிஞ்சு செய்யல சேச்சி."

"தெரியும்."

"ஒரு பஸ்ஸுல யாரோ கேட்டாங்க..."

"தெரியும் மக்கா. நானே போய் அந்த வீட்டுல சொல்லலாம். நான் சொன்னா கேஸ் முடியும்." அவள் சாவியைத் தொட்டாள், திருகவில்லை. "எனக்க வேலை கேஸ முடிக்கிறதுதான். உனக்க வேலை என்னன்னு நீ சொல்லு."

ரதீஷ் கதவைத் திறந்து இறங்கினான். வெயில் முகத்தில் அறைந்தது. வந்த வழியே நடந்தான். பின்னால் கார் மெதுவாகத் திரும்பி வருகிற சத்தம் கேட்டது.

சுகிர்தபாய் அதே இடத்தில்தான் நின்றாள். ரெத்தினதாஸ் மேட்டில் உட்கார்ந்திருந்தார். ரதீஷ் அவருக்கு முன்னால் போய் நின்றான்.

"அண்ணே, சோமனண்ணன் ஒண்ணும் செய்யல. மீனக் கொன்னது நானாக்கும்."

ரெத்தினதாஸ் புரியாமல் பார்த்தார். அவர் கை துடுப்பைத் தேடியதா, சும்மா தரையில் ஊன்றியதா என்று ரதீஷுக்குத் தெரியவில்லை. நின்ற இடத்திலிருந்து அவன் நகரவில்லை.

"அவன் இல்ல" என்றாள் சுகிர்தபாய். "மருந்து விட்டது நான். நீங்க ஊருக்குப் போன அன்னைக்கு. பேனு புடிச்சு அதுக கரையில ஒரசிக்கிட்டு கெடந்ததப் பாக்க முடியல. இந்தப் பிள்ளைகிட்டதான் அர்த்தம் கேட்டேன். இவன் தெரிஞ்சதச் சொன்னான்."

"தெரியாததச் சொன்னேன் அம்மா" என்றான் ரதீஷ்.

"காலையில எல்லாம் மிதந்துது. குப்பிய எங்க வைக்கன்னு தெரியாம வேலிக்கு அந்தப் பக்கம் எறிஞ்சேன். சோமன் மேல போடணும்னு நெனைக்கல. கண்ணுல படாமப் போனாப் போதும்னு நெனச்சேன். அத நீங்க எடுத்துட்டு வருவீங்கன்னு, அவரு கைய ஒடிப்பீங்கன்னு..." அவள் மூச்சு வாங்கினாள். "ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுல திருவிருந்து வாங்க எல்லாரும் எழும்பிப் போனாங்க. நான் போவல. கால் வலின்னு சொன்னேன். கால் வலி இல்ல."

ரெத்தினதாஸ் கத்துவார் என்று ரதீஷ் காத்திருந்தான். அவர் தன்னுடைய வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட சொல்லப் பயமா இருந்துதா உனக்கு?" என்று மனைவியிடம் கேட்டார்.

அவள் மறுபடியும் முந்தானையால் உலர்ந்த கையைத் துடைத்தாள்.

அவர் எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பிரேமகுமாரியும் காரை விட்டு இறங்கிவர, வேலியைச் சுற்றிச் சோமன் வீட்டுக்கு நாலு பேரும் நடந்தார்கள். யாரும் யாருக்கும் முன்னால் போக விரும்பாததுபோல மெதுவாக நடந்தார்கள்.

சோமன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். மெலிந்த ஆள். மாவுக்கட்டு தோள்வரை ஏறியிருந்தது. ரெத்தினதாஸைக் கண்டதும் நல்ல கையால் நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டார். அஞ்சு உள்ளேயிருந்து ஓடிவந்து அப்பாவுக்கு முன்னால் நின்றாள்.

ரெத்தினதாஸ் வாசற்படிக்குக் கீழேயே நின்றார். "நாளைக்கு ஸ்டேஷனுக்கு நான் போறேன். நீ வரவேண்டாம். அடிச்சது நான், எழுதிக் குடுத்திட்டு வாறேன்" என்று மட்டும் சொன்னார். சுகிர்தபாய் குப்பியை எறிந்ததைச் சொன்னாள். சோமன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை.

கடைசியில் ரதீஷ். அஞ்சு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவளைச் சிரிக்கவைத்தது நினைவுக்கு வந்து அவனுக்கு உடம்பு கூசியது. அவன் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை சோமன் குறுக்கிடவில்லை.

"அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம்னு உனக்கு யாரு சொன்னா தம்பி?"

"யாரும் சொல்லல. நானா நெனச்சுக்கிட்டேன்."

"சந்தேகம் இருந்துதா?"

ரதீஷ் யோசித்தான். பஸ், ஜன்னல், அந்தச் சிரிப்பு. "கொஞ்சம் இருந்துது."

"தெரியாதுன்னு சொல்ல எம்புட்டு நேரம் ஆகியிருக்கும்?"

சோமன் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார். ரதீஷுக்கு ஒரு அடி கிடைத்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் அடிக்கவில்லை. அஞ்சு அப்பாவின் தோளில் கைவைத்து, "உள்ள வாங்கப்பா, மாத்திரை போடணும்" என்றாள். கதவு சாத்தப்பட்டது.

பிரேமகுமாரி காரைப் பாறசாலைக்குத் திருப்பினாள். உதியன்குளங்கரை தாண்டி, பெட்ரோல் பங்கில் அவள் வண்டியை நிறுத்தினாள். பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் கூடையோடு நின்ற ஒருத்தி ஜன்னலுக்கு வந்து குனிந்தாள்.

"மக்கா, பொழியூருக்குப் போற பஸ் இங்க நிக்குமா, எதிர்ப்பக்கமா?"

எதிர்ப்பக்கம் என்றுதான் அவன் வாயில் வந்தது. அநேகமாக அது சரியாகவும் இருக்கும்.

"எனக்குத் தெரியாது அம்மா" என்றான். "நில்லுங்க, கேட்டுட்டு வாறேன்."

கதவைத் திறந்து இறங்கி, வண்டிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து, அந்தப் பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்கப் போனான்.